வில்லன்களின் வரிசை: திண்டுக்கல், 1973

எம்.ஜி.ஆர். படங்களைப் பற்றி நம் சிறு பத்திரிகைகளில் எழுதியவர்கள் அநேகமாக எல்லோருமே கதாநாயகனைப் பற்றித்தான் எழுதினார்கள். குடிக்காதவன், புகைக்காதவன், தாயைத் தொழுபவன், ஏழையின் குரல் கேட்டதும் ஓடிவருபவன். இந்தப் பிம்பத்தில் பாமரன் மயங்கினான், மயக்கம் வாக்குச்சீட்டாயிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு. முடிவு முழுக்கத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் அடிப்படையான ஒரு கவனக்குறைவு இருக்கிறது. அந்தக் கதாநாயகன் மாறாதவன். 1950களின் தொடக்கத்தில் எப்படியோ அப்படியே 1970களிலும். மாறாத ஒன்றைப் பற்றி எந்த ரசிகனும் டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. ரசிகன் பேசியது வேறு இரண்டு சங்கதிகளை: படம் எவ்வளவு வசூல், அடுத்த படத்தில் வாத்தியாருக்கு எதிரே யார்.

இந்த இரண்டாவது கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் திண்டுக்கல்லில் 1973 மே மாதத்தில் போய் நிற்போம் என்று எனக்குப் படுகிறது. போகும் வழியும் முக்கியமானதுதான்.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். அன்றைக்கு அது மதுரை மாவட்டத்தின் ஒரு நகரம். தனி மாவட்டமானது 1985-இல். மலைக்கோட்டையின் காலடியில் பூட்டுப் பட்டறைகள், சுருட்டு, புகையிலை மண்டிகள், தோல் பதனிடும் ஷாப்புகள். சுற்றிலும் சமவெளி. சின்னாளப்பட்டியில் தறி, நிலக்கோட்டை பக்கம் பூ, வேடசந்தூர் பக்கம் புகையிலை, மழை பொய்த்தால் கிணற்றுத் தண்ணீர். தோல் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட இடதுசாரி மரபு உள்ள ஊர். வில்லன் யார் என்ற கேள்விக்குச் சங்கத்துக்காரர் ஒரே வாக்கியத்தில் விடை வைத்திருந்த ஊர் என்று சொல்லலாம். ஷாப்பு முதலாளி, மண்டிக்காரர், கூலியைப் பிடித்துக்கொள்பவர். இருந்தும் அந்தத் தொழிலாளியும் இரவாட்டத்துக்குப் போய் நம்பியாரைத் திட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினான். ஏன் என்பது நியாயமான கேள்வி. சங்கத்தின் வில்லனை அவன் மறுநாள் காலையிலும் பார்த்தாக வேண்டும். அவனிடம் கைநீட்டி முன்பணம் வாங்க வேண்டும். நம்பியாரிடம் அந்தச் சங்கடம் கிடையாது. இது ஒரு பகுதி விடைதான்.

வசூலை ஏன் பேசினான் என்பதற்கு விடை சுலபம். படம் மதுரையில் ஓடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் ஓடி, பிறகு டூரிங் கொட்டகைகளுக்குப் போகும். விநியோகஸ்தர் கணக்கில் இது மதுரை-ராமநாதபுரம் ஏரியா. கேளிக்கை வரி என்று ஒன்று இருந்ததால் ஒவ்வொரு கொட்டகையும் ஒவ்வொரு காட்சிக்கும் விற்ற டிக்கெட்டுக்குக் கணக்கு எழுதியாக வேண்டும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புவாரியாக. சர்க்காருக்காக எழுதிய கணக்கு மானேஜர் மேஜையிலிருந்து கசிந்து ரசிகர் மன்றத்துக்கு வந்துவிடும். மன்றம் அதைத் துண்டுப் பிரசுரமாக அடிக்கும்: இன்ன ஊர், இன்ன தியேட்டர், இத்தனை நாள், இத்தனை ரூபாய் இத்தனை பைசா. எதிரே சிவாஜி மன்றத்துக்காரர்கள் தங்கள் பிரசுரத்தோடு நிற்பார்கள். 'திரை உலகம்', 'சிவாஜி ரசிகன்' போன்ற பத்திரிகைகளிலும் இதே யுத்தம். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவன்கூட ஐந்து இலக்கக் கூட்டலைச் சரிபார்த்தான். பைசா வரை சொல்வதில்தான் அந்தப் பிரசுரங்களின் கௌரவம் இருந்தது. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவற்றில் இந்தத் துல்லியம் இல்லை.

அடுத்தது வில்லன். இங்கே ஒரு வரிசை இருக்கிறது. அது தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை.

1950-இல் 'மந்திரி குமாரி'. நம்பியார் ராஜகுரு. வசனம் மு. கருணாநிதி. 1958 ஆகஸ்டில் 'நாடோடி மன்னன்'. எம்.ஜி.ஆரே தயாரித்து இயக்கிய படம். இங்கும் ஒரு ராஜகுரு, இம்முறை பி.எஸ். வீரப்பா, அந்தச் சிரிப்போடு. அரசனுக்குப் பின்னால் நின்று ஆளும் குரு என்ற உருவம் யாரைக் குறித்தது என்பது திராவிட இயக்க மேடைப் பேச்சைக் கேட்டிருந்த எவனுக்கும் விளக்க வேண்டியதில்லை. வில்லனின் முதல் முகம், மதத்தின் பெயரால் அதிகாரம் செய்பவன்.

1960களின் நடுவில் அரண்மனை காலியாகிவிடுகிறது. 1964-இன் 'படகோட்டி'யில் நம்பியார் மீனவர் குப்பங்களுக்கிடையே பகையை மூட்டி அதில் பிழைப்பவர். 1965-இன் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அவரே அக்காள் புருஷன்; பயந்தாங்கொள்ளி மைத்துனனின் சொத்தைச் சவுக்கால் நிர்வாகம் செய்பவர். ராஜகுருவின் இடத்தைச் சொத்து எடுத்துக்கொண்டுவிட்டது. அதுவும் சொந்தமில்லாத சொத்து. பிறருடையதைப் 'பார்த்துக்கொள்கிறவன்' சுருட்டுவது. திண்டுக்கல் சமவெளியில் மைனர் சொத்து, கார்டியன், பாகவழக்கு என்று கோர்ட்டுக்கு நடையாய் நடந்த குடும்பங்களுக்கு இந்த வில்லன் எவ்வளவு பரிச்சயமானவன் என்று நினைத்துப் பார்க்கலாம். அந்தச் சவுக்கு நாயகனின் கைக்கு மாறும் காட்சியில் கொட்டகை ஏன் எழுந்து நின்றது என்பதற்கு மனோதத்துவ விளக்கம் தேவையில்லை.

1969 நவம்பரில் 'நம் நாடு'. என் கணிப்பில் இந்த வரிசையின் மிக முக்கியமான படம் இதுதான். வில்லன் எஸ்.வி. ரங்காராவ். முறைக்கிற கண்ணும் இல்லை, முறுக்கிய மீசையும் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர். மேடையில் மாலை வாங்குபவர். நகரசபையைக் கைக்குள் வைத்திருப்பவர். நாயகன் நகரசபைக்குள் நுழைந்து ஊழலைப் பிடிக்கிறான். 1866 முதல் நகராட்சியாக இருந்துவந்த ஓர் ஊரில் இந்தப் படம் ஓடும்போது பார்ப்பவன் ரங்காராவுக்கு என்ன பெயர் வைத்திருப்பான்? அந்தந்த ஊர் தன் தன் பெயரை வைத்துக்கொண்டிருக்கும். படம் வந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அண்ணாதுரை இறந்து கருணாநிதி முதல்வரானார். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்த நடிகர், பதவியில் இருக்கிற பெரிய மனிதனையே வில்லனாக வைத்துப் படம் நடிக்கிறார். அதைக் கட்சிக்கு எதிரான படம் என்று அன்று யாரும் எண்ணிக் கலவரப்பட்டதாகத் தெரியவில்லை. வில்லன் மட்டும் ராஜகுருவிலிருந்து புறப்பட்டு நகரசபைத் தலைவர் நாற்காலிவரை வந்து சேர்ந்துவிட்டான்.

இவ்வளவையும் ஒரு மூளை திட்டமிட்டது என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பாளர்கள் பலர், கதை இலாகாக்கள் பல, கதைகள் பல தெலுங்கிலிருந்து வந்தவை. ஆனால் எது ஓடியது, எது ஓடவில்லை என்று தரை டிக்கெட்காரன் சொன்ன தீர்ப்பில் இந்த வரிசை உருவானது. அடுத்த வில்லன் யார் என்ற டீக்கடைப் பேச்சை அரசியல் பேச்சு என்று யாரும் மதிக்கவில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற ஆராய்ச்சியை அந்தப் பேச்சு இருபது வருஷமாகச் செய்துகொண்டிருந்தது.

இதே சமவெளியில்தான் வத்தலக்குண்டும் இருக்கிறது. ராஜமையரின் ஊர், பி.எஸ். ராமையாவின் ஊர், சி.சு. செல்லப்பாவின் ஊர். 'நாடோடி மன்னன்' வந்த ஐந்தாம் மாதம், 1959 ஜனவரியில், செல்லப்பாவின் 'எழுத்து' வந்தது. அதன் சந்தாதாரர்கள் சில நூறு பேர். ராமையாவோ 'மணிக்கொடி'க்குப் பிறகு சினிமாவுக்கே போய்விட்டவர். ஒரே ஊரிலிருந்து இரண்டு பாதைகள். இரண்டாவது பாதையில் என்ன நடந்தது என்று முதல் பாதைக்காரர்கள் அக்கறையோடு பார்க்கவில்லை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் வந்து பார்த்தார், மதுரையில் சாரா டிக்கி தங்கிப் பார்த்தார், நம்மவர்களில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். அங்கும் கண் நாயகன் மேலேதான்.

ரசிகன் திரைக்கும் வாழ்வுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பியார் விஷயத்தில் அது நிற்காது. அவர் சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிற குருசாமி, சுத்த சைவம், சொந்த வாழ்க்கையில் பழுதற்றவர் என்பது ரசிகனுக்குத் தெரியும். கொட்டகையில் வாய்கொண்ட மட்டும் திட்டிவிட்டு, வெளியே வந்து "நல்ல மனுசன்யா" என்பான். 1950-இல் 'திகம்பர சாமியார்' படத்தில் பல வேஷங்களில் அவர் கதாநாயகனாக நடித்ததையும் மூத்த ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். வில்லன் என்பது ஒரு வேலை, அந்த வேலையை ஒருவர் நன்றாகச் செய்கிறார் என்ற தெளிவு இருந்தது. அந்தத் தெளிவு இருந்ததால்தான் வெறுப்பை ரசிக்க முடிந்தது. பழைய தெருக்கூத்தில் துரியோதனனுக்கு இருந்த மரியாதை இது.

இந்தத் தெளிவில் முதல் விரிசல் 1967 ஜனவரி 12. எம்.ஆர். ராதா ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டார். திரையில் எதிரே நின்றவர் நிஜத் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் கட்டோடு எடுத்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது, அடுத்த மாதம் பரங்கிமலையில் வெற்றி, தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ஆனால் ராதாவை அரசியல் வில்லனாக்க ரசிகனால் முடியவில்லை. ராதா பெரியாரின் ஆள். அவரைக் காங்கிரஸ் கணக்கிலும் எழுத முடியாது. அது ஒரு விபத்தாகவே நின்றுவிட்டது. நாயகனின் குரல் மட்டும் மாறிப்போயிற்று.

இரண்டாவது விரிசல்தான் நம் விஷயம். 1972 அக்டோபரில் திருக்கழுக்குன்றத்தில் எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டார். நீக்கப்பட்டார். 17-ஆம் தேதி அ.தி.மு.க. கணக்குக் கேட்டது என்ற வார்த்தை ரசிகனுக்கு எப்படி ஒலித்திருக்கும் என்று பாருங்கள்: பத்து வருஷமாகப் பைசா வரை கணக்குப் பார்த்தே பழகியவன் அவன். 'நம் நாடு' கதை அப்படியே நடந்தது போலிருந்தது. வில்லன் நாற்காலி தயாராக இருந்தது. அதில் யாரை உட்கார வைப்பது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. விசித்திரம் என்னவென்றால், 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவுக்கு வசனம் எழுதிய கை அந்த நாற்காலிக்காரருடையதுதான். வில்லனுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தவரையே வில்லனாக்கினார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் மு.க. முத்து நடித்த 'பிள்ளையோ பிள்ளை' வந்திருந்தது. இன்னொரு நாயகனை உருவாக்கப் பார்க்கிறார்கள் என்று மன்றத்துக்காரர்கள் அதைப் படித்தார்கள்.

திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர் ராஜாங்கம் இறந்ததால் இடைத்தேர்தல். வாக்குப்பதிவு 1973 மே 20. அ.தி.மு.க. வேட்பாளர் கே. மாயத்தேவர், வழக்கறிஞர். சுயேச்சைகளுக்கான சின்னங்களிலிருந்து அவர் எடுத்த இரட்டை இலைதான் பிறகு கட்சியின் சின்னமே ஆனது. மே 11-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. படம் வெளிவராது, வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டார் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. சுவரொட்டியே இல்லாமல் படம் ஓடிற்று என்பதும் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதுதான். படத்துக்கும் தேர்தலுக்கும் நடுவே ஒன்பது நாள். எது எதற்கு விளம்பரம் என்று பிரிக்க முடியாத ஒன்பது நாள்.

படத்தின் வில்லன் அசோகன். மின்னலின் சக்தியை அடக்கும் வழியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி முருகன். அவன் குறிப்புகளை அபகரித்து விற்கத் துரத்தும் பைரவன். ராஜகுருவோ ஜமீனோ இல்லை, சக விஞ்ஞானி. கூட இருந்தவன், ஒரே தொழில்காரன், துரோகி. 1973-இல் இதைப் பார்த்தவனுக்குப் பைரவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் படத்தின் வெளிநாட்டுக் காட்சிகள் எடுக்கப்பட்டது 1970-இல், ஒஸாகா கண்காட்சி நடந்த சமயம். அப்போது எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ஒரே கட்சியில், ஒரே மேடையில். படம் எடுத்தவர் மனத்தில் இல்லாத வில்லனைப் பார்த்தவன் திரையில் கொண்டுபோய் வைத்தான். அடுத்த வில்லன் யார் என்று இத்தனை காலம் ஊகித்துக்கொண்டிருந்தவன், இம்முறை தானே வில்லனைத் தேர்ந்தெடுத்தான். பிம்பத்தில் மயங்கியவன் என்று அவனைச் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மாயத்தேவர் வாங்கியது 2,60,000-க்கு மேல். இரண்டாவது, ஸ்தாபனக் காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன், சுமார் 1,19,000. ஆளுங்கட்சியின் பொன். முத்துராமலிங்கம் மூன்றாவது, 93,000 சொச்சம். இந்திரா காங்கிரஸுக்கு டெபாசிட் போயிற்று. முதல் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். சிவாஜி கணேசன் அப்போது காமராஜரின் ஸ்தாபனக் காங்கிரஸில். அதாவது கொட்டகை வாசலில் இருபது வருஷம் எதிரெதிரே நின்ற இரண்டு கூட்டங்கள்தான் திண்டுக்கல்லில் முதலாவதும் இரண்டாவதும் வந்தன. நடிகர் பெயரில்லாத கட்சிகள் பின்னால். இந்த எண்களும் நிச்சயம் துண்டுப் பிரசுரப் பாணியில்தான் ஊருக்குள் சொல்லப்பட்டிருக்கும்.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது அதுதான். நம்பியாரைத் திட்டியவன் நம்பியாரை ரசித்தான். அவர் அடுத்த படத்தில் வர வேண்டும் என்று விரும்பினான். அவர் இல்லாத படம் சப்பென்றிருந்தது என்றான். நிஜ மனிதர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தபிறகு ரசிப்பு போயிற்று, வெறுப்பு மட்டும் மிஞ்சிற்று. வேஷம் கலைக்க மேக்கப் அறை இல்லாத வில்லன். தமிழ்நாட்டு அரசியலில் எதிர்க்கட்சிக்காரன் கல்யாணத்துக்குப் போகக்கூட அஞ்சுகிற கலாச்சாரம் வந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கூத்தின் துரியோதனனுக்குக் காட்டிய மரியாதையை இந்த மேடைக்குக் கொண்டுவர முடியாமல்போனது அவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: திரைக்கு வெளியே கதை எழுத ஆளில்லை. அசோகனை எடுத்துக்கொள்ளுங்கள். பைரவனாக நடித்த மறுவருஷமே, 1974-இல், எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'நேற்று இன்று நாளை'யைச் சொந்தமாகத் தயாரித்தார். வில்லன் பணம் போட்டு நாயகன் நடித்தான். யாருக்கும் குழப்பம் இல்லை. வெளியே அப்படி இல்லை. மதுரை முத்து பிற்பாடு அ.தி.மு.க.வுக்கே வந்தார், 1978-இல் அந்தக் கட்சியின் மேயர். சேலைக் கதை சொன்ன வாய்கள் அதற்கு என்ன சொல்வது? 1977 ஜூனில் நாயகன் முதல்வரானார். 1978 பொங்கலுக்கு 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்ததோடு படங்கள் நின்றன. அதிகாரம் இப்போது நாயகனிடமே. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே வில்லன் என்று இருபது வருஷம் கற்ற பாடத்தை எங்கே பிரயோகிப்பது? மன்றத்துப் பேச்சுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் திராணி இல்லை.

1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே தொகுதிகள். திண்டுக்கல் அவற்றில் இல்லை. அங்கே ஜெயித்தவர் அதே மாயத்தேவர். ஆனால் தி.மு.க. வேட்பாளராக, உதயசூரியனில். இரட்டை இலையைக் கொண்டுவந்தவரை எதிர்த்து இரட்டை இலைக்கு ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஐந்து மாதத்துக்குள் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். திரும்பவும் வென்றார். மதுரை மேற்கில் அவருக்கு எதிரே நின்றவர், ஏழு வருஷம் முன்பு திண்டுக்கல்லில் மூன்றாவதாக வந்த அதே பொன். முத்துராமலிங்கம்.

இப்போது திண்டுக்கல் கல்லூரிப் பையன்கள் மார்வெல் படங்களைப் பற்றி இதே இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்தது. தமிழ்ப் பிரதியில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியின் குரல். தானோஸுக்குப் பிறகு யார்? காங் என்றார்கள், அந்த நடிகரை 2023 டிசம்பரில் நீக்கினார்கள். 2024 ஜூலையில், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரே அடுத்த வில்லன் டாக்டர் டூம் என்று அறிவித்தார்கள். நாயகன் முகத்தையே வில்லனுக்கு மாட்டிவிடும் துணிச்சல் ஒரு வியாபார ஸ்தாபனத்துக்கு வருகிறது. மன்றங்களுக்கு அது வரவேயில்லை. என்றாலும் அந்த வில்லனை கம்பெனி தீர்மானித்து மேடையில் அறிவிக்கிறது, பையன்கள் கைதட்டுகிறார்கள். 'நம் நாடு' பார்த்துவிட்டு ரங்காராவுக்கு ஊரில் ஒரு பெயர் தேடியவனின் வேலை இவர்களுக்கு இல்லை.

2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' டிஜிட்டலில் திரும்ப வந்தபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. வசூல் கணக்குப் போடவும் அதை அச்சடித்துக் கொடுக்கவும் அப்போதும் ஆள் இருந்தார்கள். நம்பியார் 2008 நவம்பரில் இறந்துவிட்டிருந்தார். திரையில் அவர் தோன்றியதும் விசில் அடித்தார்கள்.